விழுந்த பலா விறகாக வேண்டாம்: பெருமரத்தைப் பலகையாக அறுக்கும் முறை

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தில் தென்னையோடு பலாவும் வேரோடு சாய்ந்தது. எங்கள் தோட்டத்தில் மூன்று பலா. மூன்றும் தாத்தா வைத்தவை. தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் ஊர் திண்டாடிக்கொண்டிருந்த அந்த வாரத்திலேயே விறகு வியாபாரிகள் லாரியோடு வந்துவிட்டார்கள். பாதை திறந்தால் போதும் என்றிருந்த நாங்கள், சொன்ன விலைக்கு இரண்டு மரங்களைக் கொடுத்துவிட்டோம். வீணையும் மிருதங்கமும் செய்யத் தச்சர்கள் தேடி அலைகிற மரம் செங்கல் சூளைக்குப் போனது. அந்த வருத்தத்தில் மூன்றாவதை மட்டும் பிடிவாதமாக வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வாகை, வேம்பு, தூங்குமூஞ்சி என்று பல மரங்களை அறுத்துப் பார்த்துவிட்டேன். புயலோ, வீடு கட்டும் வேலையோ, எதனாலோ உங்கள் வீட்டில் ஒரு பெரிய மரம் சாய்ந்து கிடந்தால், அதை மேசைக்கும் ஊஞ்சலுக்கும் ஆகிற பலகையாக மாற்றப் புதிதாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை, பலகைகள் ரம்பத்தில் கெடுவதைவிட அறுப்பதற்கு முந்தைய ஒரு வாரத்திலும் அறுத்த பிறகான இரண்டு மாதத்திலும்தான் அதிகம் கெடுகின்றன. அதனால் அந்த இரண்டு காலத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கும்.

மரம் தேறுமா?

அடிமரம் நேராக ஆறு அடியாவது இருந்து, நெஞ்சு உயரத்தில் சுற்றளவு ஐந்து அடிக்கு மேல் இருந்தால் அறுக்கத் தகுந்தது. எங்கள் பலா எட்டு அடி நீளம், ஏழு அடி சுற்றளவு. மரவாடியில் கன அடி போடுவது இப்படித்தான்: சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். ஏழை நான்கால் வகுத்தால் 1.75. அதன் வர்க்கம் 3.06. எட்டால் பெருக்க, இருபத்து நான்கரை கன அடி. உருளையாகக் கணக்கிட்டால் அதே மரம் 31 கன அடி வரும். மில்லில் சொல்லும் கணக்கு எப்போதும் உண்மையைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறையும். பட்டைக்கும் சேதாரத்துக்குமாகக் கழிக்கிற பழைய வழக்கம் அது. விற்கும்போதும் கூலி பேசும்போதும் இது தெரிந்திருப்பது நல்லது.

பச்சையாக அந்தக் கட்டை முக்கால் டன் இருக்கும். இந்த எடையை மனத்தில் வைத்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் திட்டமிடுங்கள்.

மர வகையில் பலா, வாகை, வேம்பு, பூவரசு, தேக்கு எல்லாம் கவலையில்லாமல் இறங்கலாம். தூங்குமூஞ்சி மரத்தில் அகலமான பலகை கிடைக்கும், ரேகை (மரத்தின் வரி) அழகாக இருக்கும், ஆனால் அதன் தூள் மூக்கையும் கண்ணையும் எரிக்கும். புளி இரும்பு மாதிரி. பழகிய பிறகு தொடுங்கள். மாமரம் மென்மையானது, எளிதில் அறுபடும். ஆனால் விழுந்த சில வாரங்களிலேயே கறை ஏறி உளுக்கத் தொடங்கிவிடும் என்பதால் அதில் தாமதமே கூடாது.

அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தனம், ஈட்டி, தேக்கு, செம்மரம் போன்றவை உங்கள் சொந்த நிலத்தில் இருந்தாலும், வெட்டவும் எடுத்துச் செல்லவும் வனத்துறையிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி மரம் வெட்டுவதற்கே தனிக் கட்டுப்பாடு உண்டு. சாலையோர மரம், புறம்போக்கு மரம் அரசுடையது. அது உங்கள் வேலி மேல் விழுந்திருந்தாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்ன பிறகே கை வையுங்கள்.

விழுந்த மரத்தைத் துண்டாக்குவது

புயலில் சாய்ந்த மரத்தில் வேர்த்தட்டு, அதாவது மண்ணோடு பெயர்ந்த வேர்த்தொகுதி, நிமிர்ந்து நிற்கும். அடிமரத்தை வேரிலிருந்து அறுத்துப் பிரித்த நொடியில், அந்தத் தட்டு திடீரென்று பழைய குழிக்குள் திரும்ப விழலாம். அந்தக் குழியில் குழந்தைகள் விளையாடுவதை நான் பார்த்திருக்கிறேன், நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. இந்த ஒரு வெட்டை மட்டும், எவ்வளவு தைரியம் இருந்தாலும், மரம் வெட்டுவதையே தொழிலாகச் செய்பவரிடம் விட்டுவிடுங்கள்.

மேசை ஆறு அடி வேண்டுமென்றால் கட்டையை ஏழு அடியாக வெட்டுங்கள். இரு முனையிலும் அரை அடி வெடிப்புக்குப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளை பிரியும் கவையை வீணாக்காதீர்கள். கவைக்குக் குறுக்கே பலகை எடுத்தால் இறகு விரித்ததுபோல ரேகை வரும். அது காயும்போது மிகவும் படுத்தும், ஆனாலும் ஒரு கவைப்பலகையாவது எடுத்துப் பாருங்கள்.

அன்றைக்கே முனைகளை மூடுங்கள்

மரத்துக்குள் ரேகையின் போக்கில் நீர் ஓடுகிற வேகம், குறுக்கே ஓடுவதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு அதிகம். வெட்டிய முனை என்பது ஆயிரக்கணக்கான குழாய்களின் திறந்த வாய். முனை காய்ந்து சுருங்கும், உள்ளே மரம் ஈரமாகவே இருக்கும், நடுவில் இழுபறி தாங்காமல் மரம் பிளக்கும். இந்த வெடிப்பு ஓர் அடி, இரண்டு அடி என்று உள்ளே ஓடும். எந்தத் தச்சராலும் அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

எனவே வெட்டிய அன்றைக்கே இரு முனைகளையும் மூட வேண்டும். பாரபின் மெழுகைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தடிமனாகப் பூசுவதுதான் சிறந்தது. நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும். மெழுகு இல்லையென்றால் எனாமல் பெயிண்ட் இரண்டு பூச்சு. கிளை வெட்டிய தழும்புகளையும் விடாதீர்கள். நாளை செய்யலாம் என்று சித்திரை வெயிலில் ஒரு நாள் விட்டாலே மயிரிழை வெடிப்புகள் கண்ணில் படத் தொடங்கும்.

கட்டையை மண்ணில் கிடத்தாமல் இரண்டு தடித்த கட்டைகள் மேல் தூக்கி வையுங்கள். மேலே தென்னங்கீற்று போட்டு நிழல் கொடுங்கள். இப்படி வைத்தால் பலா இரண்டு மாதம் தாங்கும். ஆனாலும் சீக்கிரம் அறுப்பதே நல்லது. உருண்டையாகக் கிடக்கும் மரம் காய்வதில்லை, வெடிக்க மட்டுமே செய்யும்.

எந்தப் பருவத்தில் அறுப்பது? ஐப்பசி, கார்த்திகை மழையில் அறுத்தால் பூஞ்சை பிடிக்கும். சித்திரை, வைகாசி வெயில் பலகையை வெடிக்க வைக்கும். ஆடிக்காற்று வெயிலைவிட மோசம். என் அனுபவத்தில் தை, மாசிதான் சரி. கஜாவில் விழுந்த எங்கள் மரத்துக்கு அது தானாகவே அமைந்தது.

மில்லா, தோட்டமா?

பக்கத்து ஊர் மர அறுவை மில்லில் பட்டை ரம்பம் (வார் போலச் சுற்றி ஓடும் ரம்பம்) இருக்கிறது, கட்டையைத் தூக்கி லாரியில் ஏற்றவும் முடியும் என்றால் அதுவே எளிது. பட்டை ரம்பத்தின் வெட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். சங்கிலி ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் கிட்டத்தட்ட பத்து மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். எங்கள் கட்டையில் ஏழு பலகை எடுக்க எட்டு வெட்டு. மூன்று அங்குல மரம் தூளாகவே போனது, அதாவது ஒரு முழுப் பலகைக்கு மேல்.

மில்லில் வேறொரு சிக்கல் உண்டு. அங்கே தினமும் கதவு நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும்தான் அறுக்கிறார்கள். வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் கை பழகியபடி அறுத்துவிடுவார்கள். என் முதல் வாகைக் கட்டையை ஒரு மில்லில் விட்டுவிட்டு மதியம் போய்ப் பார்த்தபோது, முப்பது அங்குல அகலத்தில் வந்திருக்க வேண்டிய பலகைகள் நாலு அங்குல ரீப்பர்களாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தவறு அவர்களுடையது மட்டுமல்ல, நான் கட்டையில் எதையும் எழுதி வைக்கவில்லை. முனையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் கனத்தை எழுதி, அறுத்து முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். மில் ரம்பத்தின் வாய் எவ்வளவு அகலம் கொள்ளும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டையை நகர்த்த முடியாத இடமென்றால் ரம்பத்தைத்தான் மரத்திடம் கொண்டுபோக வேண்டும். பெட்ரோல் சங்கிலி ரம்பத்தின் பாரில், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீளமான தகட்டில், ஓர் அலுமினியச் சட்டத்தைப் பூட்டினால், அந்தச் சட்டம் மரத்தின் மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு போக, கீழே குறித்த கனத்தில் சங்கிலி அறுத்துக்கொண்டு வரும். எளிய கருவிதான், ஆனால் ரம்பம் வலுவானதாக இருக்க வேண்டும். தென்னை மட்டை வெட்டும் சிறிய ரம்பத்தால் முடியாது. இரண்டு அடிக்கு மேல் அகலமான வன்மரத்துக்கு எண்பது தொண்ணூறு சிசி எஞ்சின் வேண்டும். 36 அங்குலப் பாரில் சட்டத்தின் பிடிப்பு போக முப்பது அங்குலம் வரைதான் அறுக்க முடியும். வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே புதியவருக்கு நல்லது.

சங்கிலியும் வேறு. மரத்தைக் குறுக்கே வெட்டும் சங்கிலியின் பற்கள் முப்பது பாகை சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். நெடுக அறுக்க அதைப் பத்துப் பாகைக்குக் குறைத்துத் தீட்ட வேண்டும். இல்லையென்றால் பலகையின் முகம் உழுத வயல்போல இருக்கும், எஞ்சினும் திணறும்.

உடம்புக்கான காப்பு: தலைக்கவசம், கண்ணாடி, காது மூடி, தூள் தடுக்கும் முகமூடி, தடித்த காலணி, வெட்டுத் தாங்கும் கால் உறை. கைலி கட்டிக்கொண்டு சங்கிலி ரம்பம் பிடிப்பவர்களை ஊரில் பார்க்கலாம். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தனியாகவும் ஒருபோதும் அறுக்காதீர்கள்.

மரத்தின் போக்கைப் பார்ப்பது

இதற்கு ஒரு முழு மாலையைக் கொடுங்கள். ரம்பம் வருவதற்கு முந்தைய நாள் மாலை, சாய்ந்த வெயிலில், கட்டையைச் சுற்றிச் சுற்றி வாருங்கள்.

முதலில் இரும்பு. நம் ஊர் மரங்களில் ஆணி இல்லாத மரம் அபூர்வம். துணிக்கொடி கட்டியது, மாடு கட்ட வளையம் அடித்தது, தேர்தல் தட்டி அடித்தது என்று எல்லாம் உள்ளே போய் மரம் மூடிக்கொண்டிருக்கும். கையடக்க உலோகங்காட்டி இருந்தால் பட்டையை உரித்துவிட்டு ஒவ்வொரு சாணாகத் தடவிப் பாருங்கள். தரையிலிருந்து ஆறு அடி வரை இன்னும் கவனமாகப் பாருங்கள். முனையில் கருநீலமாக ஒரு கறை தெரிந்தால் அந்த நேரில் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து மை போல ஊறிய கறை அது. எங்கள் பலாவில் நான்கு அடி உயரத்தில் ஒரு லாடம் இருந்தது. கண் திருஷ்டிக்காக அடித்தது என்று அம்மா சொன்னார். அதை உளியால் தோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. எடுக்காமல் விட்டிருந்தால் சங்கிலி அறுந்து ஆள் மேல் பாய்ந்திருக்கலாம்.

அடுத்து முனைகளைப் பாருங்கள். பூசிய மெழுகை ஒரு கோட்டளவு சுரண்டி மையம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். சுற்றிலும் வெள்ளை என்கிற இளமரம், உள்ளே வைரம் என்கிற முதிர்ந்த மரம், நடுவில் மையம். பலாவில் வைரம் பளீரென்ற மஞ்சள், தவறவிடவே முடியாது. மையம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் மரம் உயிரோடிருந்தபோதே சாய்ந்து நின்றிருக்கிறது. அப்படிப்பட்ட மரத்துக்குள் இறுக்கம் இருக்கும், பலகை ரம்பத்தை விட்டு வரும்போதே வில்லாக வளையலாம். அதைக் கூடுதல் கனத்தில் அறுங்கள்.

மையத்திலிருந்து ஏற்கெனவே ஒரு வெடிப்பு ஓடியிருந்தால், கட்டையை உருட்டி அந்த வெடிப்பு தரைக்கு இணையாகப் படுக்கும்படி வையுங்கள். அப்போது அந்த வெடிப்பு முழுவதும் ஒரே பலகைக்குள் அடங்கிவிடும். அது நிமிர்ந்து நின்றால் எல்லாப் பலகையையும் குறுக்கே கிழித்துக்கொண்டு போகும். கட்டையை ஒரு கால் சுற்று உருட்டுவதுதான், மூன்று பேர் கடப்பாரையோடு பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். அந்தப் பத்து நிமிடத்தில் ஐந்தாறு பலகைகள் பிழைக்கும்.

கட்டை வளைந்திருந்தால்? விளிம்பை அப்படியே விட்டு மேசை செய்ய விரும்புகிறவர்கள் வளைவைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். படகு போன்ற உருவத்தில் தட்டையான முழுநீளப் பலகைகள் கிடைக்கும். வளைவை மேல்நோக்கி வைத்தால் முதல் இரண்டு பலகையும் கடைசி இரண்டு பலகையும் பாதி நீளத்தில் முடிந்துபோகும்.

அடி பருத்தும் நுனி சிறுத்தும் இருப்பதால், நுனிப் பக்கம் ஆப்பு வைத்து உயர்த்தி, இரு முனையிலும் மையம் ஒரே உயரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். ரசமட்டம் வைத்த நீளமான பலகையால் அளக்கலாம். பிறகு இரு பக்கமும் பெரிய ஆப்புகள் அடித்து, கட்டை ஒரு நூல்கூட அசையாதபடி நிறுத்துங்கள்.

முதல் வெட்டு

உருண்டையான மரத்தின் மேல் ரம்பச் சட்டம் உட்கார இடமில்லை. அதனால் முதல் வெட்டுக்கு மட்டும் நாமே ஒரு நேர்ப்பாதை போட்டுக் கொடுக்க வேண்டும். ஒன்றரை அங்குல கனமுள்ள, வளையாத, நன்கு காய்ந்த பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது கட்டையைவிட இரு பக்கமும் ஓர் அடி நீண்டிருக்க வேண்டும். ரம்பம் மரத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் சட்டம் தாங்கலோடு இருப்பதற்காகத்தான் அந்த நீட்சி.

பலகையைக் கட்டையின் மேல் வைத்து, அடியில் சிறு ஆப்புகள் கொடுத்து மட்டம் பிடியுங்கள். நீளவாக்கில் ரசமட்டம் சரியாக இருந்தாலும் பலகை முறுக்கிக்கொண்டு கிடக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு நேர்க்குச்சிகளைப் பலகையின் இரு முனையிலும் குறுக்காக வையுங்கள். ஒரு முனையில் குனிந்து, ஒரு கண்ணை மூடி, அருகிலுள்ள குச்சியின் மேல் விளிம்பு வழியாகத் தூரத்துக் குச்சியைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தால் சரி. ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் முறுக்கு இருக்கிறது. ஊர்த் தச்சர் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தபோது, "தம்பி, முதல் பலகை எப்படியோ கடைசிப் பலகையும் அப்படித்தான்" என்றார். அது முழு உண்மை. முதல் வெட்டின் முகத்தில்தான் அடுத்த வெட்டின் சட்டம் ஓடுகிறது. முறுக்கு இங்கே நுழைந்தால் ஏழு பலகையிலும் இருக்கும்.

மட்டம் பிடித்த பிறகு திருகாணிகளால் பலகையைக் கட்டையோடு இறுக்குங்கள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று அங்குலத் திருகாணி, ஒன்றரை அங்குலப் பலகையைத் தாண்டிக் கட்டைக்குள் ஒன்றரை அங்குலம் இறங்கும். ரம்பத்தைப் பலகையின் மேற்பரப்பிலிருந்து நான்கு அங்குல ஆழத்துக்கு வைத்தால், சங்கிலி திருகாணியின் கூருக்கு ஓர் அங்குலம் கீழே போகும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி இரண்டு முறை சரிபாருங்கள். மரத்தில் இருந்த ஆணியைத் தேடி எடுத்துவிட்டு நாமே வைத்த ஆணியில் சங்கிலியை விடக்கூடாது.

இனி அறுக்கலாம். சட்டத்தைப் பலகையின் மேல் முழுவதும் படியவைத்து, எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுபோன பிறகே மரத்தைத் தொடுங்கள். தள்ளாதீர்கள். சங்கிலி கூராக இருந்தால் லேசான அழுத்தத்திலேயே தானாக இழுத்துக்கொண்டு போகும். இரண்டு அடி போனதும் பின்னால் நிற்பவர் வெட்டுக்குள் பிளாஸ்டிக் அல்லது மர ஆப்புகளைச் செருக வேண்டும், இரும்பு ஆப்பு கூடாது. ஆப்பு இல்லாவிட்டால் மேலே உள்ள எடை இறங்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும். எட்டு அடி வெட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும்.

வெளியே வரும் தூளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ரவை போலச் சிறு செதிலாக வந்தால் சங்கிலி நன்றாக இருக்கிறது. மாவு போல வந்தால் மழுங்கிவிட்டது, நிறுத்தித் தீட்டுங்கள். நான் இரண்டு பலகைக்கு ஒரு முறை தீட்டுகிறேன். பலாவில் பால் பிசினாகிச் சங்கிலியில் ஒட்டும். பழம் அரியும் கத்திக்கு எண்ணெய் தடவுவதுபோல, வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுச் சூடு தணிந்த பிறகு அணையுங்கள். காற்று வடிகட்டியையும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

எவ்வளவு கனம்?

மேசைக்கு முடிவில் ஒன்றரை அங்குலம் வேண்டுமென்றால் இரண்டே கால் அங்குலத்தில் அறுங்கள். முக்கால் அங்குலம் அதிகமாகத் தெரியலாம். அகலமான பலகை காயும்போது குழியும். ரேகை வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் பலகையின் பட்டைப் பக்கம் குழிந்து மையப் பக்கம் புடைக்கும். அந்தப் புடைப்பை இழைத்துத் தட்டையாக்கத்தான் கூடுதல் கனம். முதன்முறை ஒன்றே முக்காலில் அறுத்த பலகைகளைத் தட்டையாக்கி முடித்தபோது ஒரு அங்குலம்கூட மிஞ்சவில்லை.

மையம் ஓடும் நடுப்பலகை எப்படியும் வெடிக்கும். அதை முழுதாகக் காப்பாற்ற முயலாமல், மையக் கோட்டின் வழியே இரண்டாகப் பிளந்துவிடுங்கள். ரேகை நிமிர்ந்து நிற்கிற அந்த இரண்டு பாதிகளும்தான் கட்டையிலேயே அசையாத பலகைகள். கட்டில் சட்டத்துக்கும் மேசைக் காலுக்கும் அதைவிட நல்ல மரம் கிடைக்காது.

ஒவ்வொரு பலகையும் வெளிவந்ததும் முனையில் வரிசை எண்ணையும் தேதியையும் பெயிண்டால் எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பலகைகளைப் புத்தகம் விரிப்பதுபோல விரித்துச் சேர்த்தால் ரேகை இரண்டு பக்கமும் ஒன்றுபோல அமையும். எண் இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து ஜோடியைக் கண்டுபிடிக்க முடியாது.

பூச்சிக்கு மருந்து

வைரத்தை, குறிப்பாகப் பலாவின் வைரத்தை, பூச்சி எளிதில் தொடாது. வெள்ளையைத்தான் உளுக்கும் வண்டு குடையும். பட்டையை விளிம்பில் விட்டுவைத்தால் அழகாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டைக்கு அடியில்தான் வண்டு முட்டையிடும், காய்ந்த பிறகு பட்டை எப்படியும் கழன்று விழும். பச்சையாக இருக்கும்போதே மழுங்கிய உளியால் நெம்பி உரித்துவிடுங்கள், ஈரத்தில் வாழைப்பட்டைபோல வரும்.

பத்து லிட்டர் வெந்நீரில் 600 கிராம் போராக்ஸ், 400 கிராம் போரிக் அமிலம் கரைத்து, அறுத்த அன்றே இரண்டு முறை தெளியுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள், குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் தள்ளி வையுங்கள். ஈரமான மரத்தில்தான் இந்த மருந்து உள்ளே ஊறும். பலகைகளைப் பத்து நாள் நெருக்கமாக அடுக்கித் தார்ப்பாயால் மூடி வைத்து ஊறவிட்டு, பிறகு காய அடுக்குங்கள். மழையில் நனைந்தால் மருந்து கரைந்து போய்விடும்.

அடுக்குவது

எங்கள் பலாவின் ஏழு பலகையில் இரண்டை நான் இழந்தது இந்தக் கட்டத்தில்தான். மேற்கே திறந்த தகரக் கொட்டகையில் அடுக்கினேன். பங்குனி வெயில் பிற்பகலில் நேரே அடித்தது. வெளிப்பக்கம் இருந்த இரண்டும் முனை முதல் முனை வரை பிளந்தன. இரவில் படுத்திருக்கும்போது டப் என்று கேட்ட அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

காற்று வேண்டும், வெயில் கூடாது. மாட்டுக்கொட்டகை போல நாற்புறமும் காற்றோட்டமும் மேலே கூரையும் உள்ள இடம் சரி. மேற்குப் பக்கத்தை முதல் இரண்டு மாதம் கோணிப்பையால் மறைத்துவிடுங்கள். தகரக் கூரையென்றால் அதன் அடியில் கீற்றுப் படல் போடுங்கள்.

தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சிமெண்ட் கற்கள் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கட்டைகள் வைத்து மட்டம் பாருங்கள். அடித்தளம் எப்படியோ பலகை அப்படியே காய்ந்து நின்றுவிடும். அதன் மேல் முதல் பலகை, பிறகு ஓர் அங்குலச் சதுரக் குச்சிகள், பிறகு அடுத்த பலகை. குச்சிகள் காய்ந்த மரமாக இருக்க வேண்டும், பச்சைக் குச்சி பலகையில் கறை விடும். எல்லாம் ஒரே கனம். ஒரு வரிசைக் குச்சிக்கு நேர் மேலேதான் அடுத்த வரிசைக் குச்சி வர வேண்டும். தள்ளி வைத்தால் மேலே உள்ள எடை பலகையை அலையலையாக வளைத்துவிடும். முனைக்கு மிக அருகில் ஒரு குச்சி கட்டாயம். உச்சியில் ஒரு வேண்டாத பலகையைப் போட்டு, அதன் மேல் சிமெண்ட் கற்களை ஏற்றுங்கள், நூறு கிலோவுக்குக் குறையாமல்.

பலகை முனைகளுக்கு மறுபடி மெழுகு. வாரம் ஒருமுறை சிமெண்ட் கல்லில் கரையான் மண் ஏறுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

காய்ந்துவிட்டதா?

அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஊரில் அதைவிடச் சீக்கிரம் காயும், ஆனால் ஊகத்தை நம்ப வேண்டாம். ஈரமானி வாங்கினால் நல்லது. இல்லாவிட்டால் தராசு போதும்.

அறுத்த அன்றே, ஒரு பலகையின் முனையிலிருந்து ஓர் அடி தள்ளி, ஓர் அடி நீளத் துண்டு ஒன்றை வெட்டி எடுங்கள். அதன் பக்கத்திலேயே ஓர் அங்குலச் சில்லு ஒன்று. சில்லை உடனே எடை போடுங்கள். என்னுடையது 160 கிராம். அதை ஓவன் அடுப்பில் நூறு பாகை செல்சியசுக்குச் சற்று மேலே வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலைவரை காயவையுங்கள். என்னுடையது 100 கிராமில் நின்றது. அப்படியென்றால், காய்ந்த எடையோடு ஒப்பிட்டு, மரத்தின் ஈரம் 60 சதவீதம். பெரிய துண்டின் எடை 1,840 கிராம். அதை 1.6ஆல் வகுத்தால் 1,150. இதுதான் அந்தத் துண்டின் முற்றிலும் காய்ந்த எடை. அதன் முனைகளுக்கு மெழுகு பூசி, பலகைகளுக்கு இடையிலேயே செருகி, மாதம் ஒருமுறை எடுத்து நிறுத்துப் பார்த்தேன். ஐந்தாம் மாதம் 1,400, அதாவது 22 சதவீதம். பதினான்காம் மாதம் 1,290. ஈரம் 12 சதவீதம்.

ஈரம் முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் உண்மையில் சுருங்கத் தொடங்குகிறது. ஆனால் பலகையின் மேல்தோல் முதல் சில வாரங்களிலேயே அந்த நிலைக்கு வந்துவிடும், உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும். முதல் இரண்டு மாதம் கோணிப்பை கட்டச் சொன்னது அதனால்தான். மேலே பூஞ்சை தெரிந்தால் கோணியைக் கொஞ்சம் விலக்குங்கள், மயிரிழை வெடிப்பு தெரிந்தால் இன்னும் மூடுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவே கொண்டுபோவதுதான் கைப்பக்குவம்.

பன்னிரண்டுக்கு வந்த பலகையை உடனே இழைக்காதீர்கள். மேசை எந்த அறையில் இருக்கப் போகிறதோ அந்த அறையில், சுவரில் சாய்க்காமல் குச்சிகள் மேல் படுக்கவைத்து ஒரு மாதம் விடுங்கள். துண்டின் எடை இரண்டு வாரம் தொடர்ந்து மாறாமல் நின்றால் தச்சரை அழைக்கலாம். அப்போது பலகையின் முகம் தூசியேறிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். தச்சர் இழைப்புளியை ஒரு முறை இழுத்ததும் அடியில் மஞ்சள் எழும். அந்த மஞ்சள் வெளிச்சம் பட்டு ஒரு வருடத்தில் தேன் நிறமாகும், பிறகு செம்பழுப்பு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை இப்போது அந்தச் செம்பழுப்பில் இருக்கிறது. லாடம் இருந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருநீலக் கறை. அதை எடுக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.